சாவி வீட்டுக்குள்ளே! கார் போன இடம் தெரியலே!
கண்ணாடி உடையவில்லை, பூட்டும் உடையவில்லை. ஒரே நிமிஷத்தில் கைவரிசை

ராத்திரி நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வீட்டு வாசலில் விலை உயர்ந்த பென்ஸ் கார் ஒன்று நின்று கொண்டிருந்தது. வீட்டுக்குள் விளக்கு அணைந்துவிட்டது. கார் சாவி உள்ளே பத்திரமாக இருந்தது.

அப்போது இரண்டு மர்ம ஆசாமிகள் வந்தார்கள். இருவர் கையிலும் ஆளுக்கொரு பெட்டி. ஒருவன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். இன்னொருவன் வீட்டுச் சுவர் ஓரமாகப் போய், கையில் இருந்த பெட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினான். மந்திரவாதி உடுக்கை ஆட்டுவது போல இருந்தது அந்தக் காட்சி!

சில வினாடிகள்தான். கார்க் கதவு தானாகத் திறந்துகொண்டது. என்ஜின் உறுமியது. இருவரும் கம்பி நீட்டிவிட்டார்கள்.

கண்ணாடி உடைக்கப்படவில்லை. பூட்டு நெம்பப்படவில்லை. சாவி இருந்த இடத்திலேயே இருந்தது. கார் மட்டும் மாயம்!

கேமரா கண்ட காட்சி

இது சினிமாக் கதை அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை ஒட்டிய சோலிஹல் என்ற ஊரில், 2017-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி நடந்த திருட்டு. வீட்டுக் கேமராவில் முழுவதும் பதிவாகிவிட்டது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீசார் அதே வருஷம் நவம்பரில் அந்தப் படத்தை வெளியிட்டார்கள். உலகமே பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

திருட்டுக்கு எடுத்துக்கொண்ட நேரம் சுமார் ஒரு நிமிஷம். ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட இல்லை.

"சாவி என்கிட்டேதானே இருக்கு! கார் எப்படிப் போகும்?"

இப்படிக் காரைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது நம் ஊர்க்காரர்களுக்கும் நல்லது. சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறந்து, பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற கார்கள் இப்போது பணக்காரர் வீட்டில் மட்டும் இல்லை. கடன் வாங்கி, மாதா மாதம் தவணை கட்டுகிற குமாஸ்தா வீட்டு வாசலிலும் நிற்கின்றன.

சாவிக்கும் காருக்கும் ரகசியப் பேச்சு

பழைய காரில் சாவி என்றால் இரும்புத் துண்டு. துவாரத்தில் நுழைத்துத் திருக வேண்டும். புதுக் காரின் சாவி ஒரு குட்டி வானொலி நிலையம்.

கதவின் கைப்பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய குரலில் கேட்கிறது: "யாரது? நம்ம ஆளா?" இந்தக் குரல் ஓரிரு மீட்டர் தூரத்துக்குத்தான் கேட்கும். முதலாளியின் சட்டைப் பையில் இருக்கும் சாவி இதைக் கேட்டுவிட்டு, "நான்தான்" என்று அன்றைய ரகசியச் சொல்லைச் சொல்கிறது. சாவியின் குரல் உரத்த குரல். பல மீட்டர் தூரம் போகும். ரகசியச் சொல் சரியாக இருந்தால் கதவு திறக்கும். என்ஜினும் ஓடும்.

ரகசியச் சொல் ஒவ்வொரு தடவையும் மாறும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம் அல்ல. கார் கம்பெனிக்காரர்கள் இதை நம்பித்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

தபால்காரத் திருடர்கள்

ஆனால் திருடன் அந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. அவனுக்கு அது தேவையும் இல்லை!

தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாரா? இல்லை. இங்கே வாங்கி அங்கே கொடுக்கிறார். அதே வேலையைத்தான் இந்த இரண்டு ஆசாமிகளும் செய்கிறார்கள்.

காரின் பக்கத்தில் நிற்பவனுடைய பெட்டி, கார் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வியைப் பிடிக்கிறது. சுவர் ஓரம் நிற்பவனுடைய பெட்டிக்கு அனுப்புகிறது. அந்தப் பெட்டி அதே கேள்வியை வீட்டுக்குள் ஒலிபரப்புகிறது. வாசல் பக்கத்து ஆணியில் தொங்கும் சாவி ஏமாந்து போகிறது. கார் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துப் பதில் சொல்லிவிடுகிறது. பதில் வந்த வழியே காருக்குப் போகிறது.

கார் நினைக்கிறது, முதலாளி வந்துவிட்டார் என்று. திறந்து விடுகிறது. அவ்வளவுதான்!

சுவர் இருந்தால் என்ன, கதவு சாத்தியிருந்தால் என்ன? ரேடியோ அலைக்குச் சுவர் ஒரு தடை இல்லை.

வழியில் ஏன் நிற்பதில்லை?

சரி, கார் கிளம்பித் தெரு முனை தாண்டியதும் சாவியின் குரல் கேட்காதே? அப்போது என்ஜின் நின்றுவிடாதா?

நிற்காது. அதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சாவியில் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் கார் பொட்டென்று நின்றால் பின்னால் வரும் லாரி என்ன ஆகும்? உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒருமுறை கிளம்பிய கார், சாவியைக் காணவில்லை என்று சத்தம் போட்டு எச்சரிக்கும்; ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும்.

நல்லதுக்குச் செய்த ஏற்பாடு, திருடனுக்கு வசதியாகப் போய்விட்டது. அவன் என்ஜினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய், தன் பட்டறையில் புதுச் சாவி தயார் செய்துகொள்கிறான்.

முன்பே சொன்ன நிபுணர்கள்

இந்த ஓட்டை திடீரென்று தெரியவந்தது அல்ல. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள். 8 கம்பெனிகள் செய்த 10 கார் மாடல்களை எடுத்துச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன!

2016-ல் ஜெர்மனியின் பெரிய கார் ஓட்டுநர் சங்கமான அடாக், 19 கம்பெனிகளின் 24 கார்களைச் சோதித்தது. இருபத்து நான்கும் திறந்துகொண்டன. கிளம்பவும் செய்தன.

2017-ல் சீனாவில் பெய்ஜிங் நகரத்து நிபுணர்கள் இதே மாதிரிப் பெட்டி ஜோடி ஒன்றைச் செய்து காட்டினார்கள். செலவு வெறும் 22 டாலர். அப்போதைய கணக்கில் சுமார் 1,400 ரூபாய். லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய காரைத் தூக்க, நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்குகிற காசு போதும் என்று ஆகிவிட்டது.

தகர டப்பா வைத்தியம்

நோய் பெரிது. ஆனால் முதல் மருந்து சமையலறையிலேயே இருக்கிறது.

ரேடியோ அலை சுவரைத் தாண்டும். நாலாபக்கமும் மூடிய உலோகத்தைத் தாண்டத் திணறும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டாதீர்கள். இறுக்கமான மூடி உள்ள தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். பிஸ்கட் டப்பா ஆனாலும் சரி. சாவியின் வாயைக் கட்டிவிட்டால், திருடன் வாசலில் நின்று எத்தனை பெட்டி ஆட்டினாலும் பதில் வராது.

இதற்கென்றே உள்ளே உலோக வலை வைத்துத் தைத்த சின்னப் பைகளும் விற்கிறார்கள். வெளியே போகும்போது அவை வசதி. ஆனால் மடித்து மடித்து நாளாவட்டத்தில் உள்ளே இருக்கும் வலை கிழிந்துவிடும்.

எந்த டப்பாவானாலும், எந்தப் பையானாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. சோதனை மிகச் சுலபம்:

சாவியை டப்பாவில் போட்டு மூடுங்கள். டப்பாவோடு காருக்குப் பக்கத்தில் போய் நின்று கதவைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் டப்பா தேறியது. திறந்துவிட்டால் அதில் முறுக்கு போட்டு வையுங்கள், சாவிக்கு வேறு டப்பா பாருங்கள். பைக்கும் இதே சோதனைதான். சில மாதங்களுக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும்.

சிலர் சாவியை மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கிறார்கள். இது வேண்டாத வேலை. காலையில் யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் சாவி போச்சு, அடுப்பும் போச்சு.

இரண்டாவது சாவி எங்கே?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கையில் இருக்கும் சாவியை டப்பாவில் போடுவார்கள். உபரிச் சாவி பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கும். அதுவும் ராப்பகலாகக் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது! திருடனுக்கு எந்தச் சாவி பதில் சொன்னாலும் ஒன்றுதான். இரண்டும் டப்பாவுக்குள் போக வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பல கார்களில் சாவியின் இந்தத் தானியங்கி வசதியை அணைத்து வைக்க முடியும். டொயோட்டாவின் பல மாடல்களில், சாவியில் உள்ள பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் சாவி தூங்கப் போய்விடும். மற்றக் கார்களில் எப்படி என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் பார்க்கலாம். அல்லது ஷோரூமில் கேட்கலாம்.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. போர்டு கம்பெனி 2019-ல் ஐரோப்பாவில் ஒரு புதுச் சாவி கொண்டுவந்தது. 40 வினாடி அசையாமல் கிடந்தால் அந்தச் சாவி தானாகத் தூங்கிவிடும். டெஸ்லா கம்பெனி 2018-ல், ரகசிய எண்ணைப் போட்டால்தான் வண்டி நகரும் என்ற ஏற்பாட்டைச் செய்தது. சாவியிலிருந்து பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்பதை மிக நுட்பமாக அளந்து, "இது பக்கத்திலிருந்து வரும் குரல் அல்ல" என்று கண்டுபிடிக்கிற சாவிகளும் வந்துவிட்டன. புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் சீட் உறை, பாட்டுப் பெட்டி பற்றி விசாரிக்கும்போது, "சாவி அசையாமல் இருந்தால் தூங்குமா? தூரத்தை அளக்குமா?" என்றும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

விளக்கைக் கழற்றிய மர்மம்

தகர டப்பாவோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. திருடர்கள் வேறு வழி பிடித்துவிட்டார்கள்.

லண்டனில் இயன் டேபர் என்று ஒருவர். கார்களின் எலெக்ட்ரானிக் பாதுகாப்பில் உள்ள ஓட்டைகளை ஆராய்வதே அவர் வேலை. 2022 ஏப்ரலில் அவருடைய டொயோட்டா காரின் முன்பக்க பம்பரை யாரோ நெம்பியிருந்தார்கள். முன்விளக்குக்குப் போகும் ஒயர் கழற்றப்பட்டிருந்தது. யாரோ போக்கிரிகள் செய்த வேலை என்று முதலில் நினைத்தார். இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது. ஜூலையில் காரையே காணோம்!

போலீஸ்காரர் வீட்டிலேயே திருடு போன கதையாக ஆகிவிட்டது.

டேபர் விடவில்லை. கென் டின்டெல் என்ற இன்னொரு நிபுணரோடு சேர்ந்து துப்புத் துலக்கினார். மறு வருஷம் ஏப்ரலில் குட்டு வெளிப்பட்டது. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே ஒயர் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்த ஒயர் முன்விளக்கு வரை வருகிறது. திருடன் விளக்கைக் கழற்றி அங்கே ஒரு கருவியைச் சொருகுகிறான். அந்தக் கருவி, "சாவி வந்தாச்சு, சரிபார்த்தாச்சு, கதவைத் திற" என்று உள்ளிருந்தே பொய்த் தகவல் அனுப்புகிறது. கார் நம்பிவிடுகிறது.

கருவியை எதில் ஒளித்து வைத்திருந்தார்கள் தெரியுமா? பாட்டுக் கேட்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியில்! அதில் பாட்டுப் போடும் பொத்தானை அழுத்தினால் கார் திறக்கும். வழியில் போலீசார் சோதனை போட்டாலும், பாட்டுக் கேட்கிற பையன் என்றுதான் நினைப்பார்கள்.

இந்தத் திருட்டில் சாவி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். தகர டப்பா இங்கே செல்லாது.

காரின் பம்பர் ஓரம் இளகியிருந்தாலோ, முன்விளக்கு ஒருநாள் காரணம் இல்லாமல் எரியாவிட்டாலோ மெக்கானிக்கிடம் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். அது ஒத்திகையாக இருக்கலாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே

மூன்றாவது வழி நம் நாட்டுக்கு நெருக்கமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்தில் ஒரு பிளக் இருக்கும். சர்வீஸ் செய்கிறவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்கிற இடம் அது. சாவி தொலைந்தவர்களுக்குப் புதுச் சாவி பதிவு செய்து கொடுப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

திருடன் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைகிறான். பூட்டுக்காரர்கள் வைத்திருக்கிற அதே மாதிரிக் கருவியை இங்கே மாட்டுகிறான். புதுச் சாவியைப் பதிவு செய்துகொண்டு ஓட்டிப் போகிறான். இங்கிலாந்தில் 2012-லேயே இப்படிப் பல கார்கள் களவு போயின. டெல்லியில் 2025 ஜூன் மாதம் சப்தர்ஜங் என்கிளேவ் பகுதியில், வாசலில் நின்ற ஒரு காரைக் கண்ணாடியை உடைத்துக் கருவி மூலம் கிளப்பிக்கொண்டு போன காட்சி கேமராவில் பதிவாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

இந்த பிளக்குக்குப் பூட்டு போட்ட மூடி கிடைக்கிறது. காரின் கண்ணாடி உடைந்தால் அலறும் அலாரமும் கிடைக்கிறது. ஷோரூமில் விசாரித்துப் போட்டுக்கொள்வது நல்லது. கண்ட இடத்தில் ஒயரை வெட்டி அலாரம் மாட்டினால் காரின் வாரண்டிக்கு ஆபத்து.

பெரிசுகள் சொன்ன பூட்டு

பெட்டி ஆட்டுகிறவன், விளக்கைக் கழற்றுகிறவன், பிளக் மாட்டுகிறவன்: இந்த மூன்று பேருக்கும் பொதுவான ஒரு எதிரி உண்டு. அது கம்ப்யூட்டர் அல்ல. ஸ்டியரிங்கில் குறுக்கே மாட்டுகிற இரும்புப் பூட்டு!

அம்பாசடர் காலத்திலேயே பெரிசுகள் மாட்டிய சமாச்சாரம். புதுக் கார் வந்ததும் "இதெல்லாம் எதுக்கு" என்று தூக்கிப் பரணில் போட்டார்கள். இப்போது அதைத் திரும்ப எடுக்க வேண்டிய நேரம்.

காரணம் மிக எளிது. ரேடியோ அலையால் கதவைத் திறக்கலாம், என்ஜினைக் கிளப்பலாம். இரும்பைத் திறக்க முடியாது. ரம்பம் வேண்டும். ரம்பம் போட்டால் சத்தம் வரும், நேரம் ஆகும். இந்தத் திருடனுடைய பலமே நேரம்தான். ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை ஐந்து நிமிஷம் ஆகும் என்றால், பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவான்.

ஸ்டியரிங் பூட்டு நல்ல கனமானதாக, வெளியே இருந்து பார்த்தாலே கண்ணில் படுகிற பளிச் நிறத்தில் இருக்க வேண்டும். கியரைப் பூட்டுகிற கம்பியும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மிக நல்லது. கார் விலையோடு பார்த்தால் செலவு ஒன்றுமே இல்லை. அன்றாடம் மாட்டுகிற சோம்பேறித்தனம்தான் பெரிய செலவு!

காரில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஜி.பி.எஸ். கருவி வைப்பதும் உண்டு. அது திருட்டைத் தடுக்காது. போன காரைத் தேட உதவும். அதன் சைகையை முடக்குகிற கருவியும் திருடர்களிடம் இருக்கிறது. ஆகவே அதை மட்டும் நம்பக்கூடாது.

கடைத்தெருவில் ஜாக்கிரதை

வீட்டில் மட்டும் அல்ல, கடைத்தெருவிலும் கண் வேண்டும். காரை நிறுத்திவிட்டு, நடந்துகொண்டே சாவிப் பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறோம். பக்கத்தில் நிற்பவன் கையில் ரேடியோ சைகையைக் குழப்புகிற கருவி இருந்தால், கார் பூட்டாது. உள்ளே இருக்கும் லேப்டாப்பும் பையும் அபேஸ்!

பொத்தானை அழுத்தியதும் நின்று பாருங்கள். விளக்கு மின்னியதா? பூட்டு விழும் சத்தம் கேட்டதா? கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது இந்தக் கார்களில் சரியான சோதனை அல்ல. சாவி உங்கள் பையிலேயே இருப்பதால், பூட்டிய கதவும் உங்களுக்குத் திறந்துகொள்ளும்.

ஓட்டலிலும் கல்யாண மண்டபத்திலும் யாரோ ஒருவர் சீருடையோடு வந்து "சாவி கொடுங்க சார், நான் நிறுத்துறேன்" என்பார். ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வீட்டுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்துக் கொடுக்காதீர்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "ஒரு சாவிதான் இருக்கு, இன்னொண்ணு தொலைஞ்சு போச்சு" என்று விற்பவர் சொன்னால் சும்மா விடாதீர்கள். அந்தக் காரில் எத்தனை சாவி பதிவாகி இருக்கிறது என்று கம்பெனி ஷோரூமில் பார்த்துச் சொல்ல முடியும். கையில் இல்லாத சாவியை அழித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காரின் இன்னொரு முதலாளி எங்கேயோ இருக்கிறார் என்று அர்த்தம்.

மந்திரி காரும் தப்பவில்லை!

"நமக்கா நடக்கப்போகுது" என்று அலட்சியமாக இருப்பவர்கள் கனடா கதையைக் கேட்க வேண்டும். அந்த நாட்டில் சட்ட மந்திரிக்கு அரசாங்கம் கொடுத்த டொயோட்டா கார், 2021-க்கும் 2023-க்கும் இடையில் மூன்று தடவை திருட்டுப் போனது! திருடனுக்குத் தண்டனை தருகிற சட்டத்தை எழுதுகிற இலாகாவின் மந்திரிக்கே இந்தக் கதி.

அங்கே திருடிய கார்களைக் கப்பல் பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். 2024 ஏப்ரலில் போலீசார் ஒரு வேட்டையின் கணக்கை வெளியிட்டார்கள். மான்ட்ரியல் துறைமுகத்தில் மட்டும் 598 திருட்டுக் கார்கள் பிடிபட்டிருந்தன.

நம்மவர்கள் பெருவாரியாக வாழும் ஸ்கார்பரோ இருப்பது கனடாவின் டொராண்டோ நகரில்தான். அங்கே 2024-ல் ஒரு கூட்டத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் சொன்ன யோசனை நாடு முழுவதும் பேச்சாகிவிட்டது. "கார் சாவியை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாவிக்காக வீட்டுக்குள் புகுந்து ஆளைத் தாக்குவார்கள்" என்பதுதான் அந்த யோசனை. திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதா என்று ஜனங்கள் கொதித்தார்கள். போலீஸ் இலாகாவும், திருட்டைத் தடுக்க வேறு வழிகள் உண்டு என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் அந்த அதிகாரியின் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. கார் போனால் கார். உயிர் போனால் வராது. நள்ளிரவில் வாசலில் சத்தம் கேட்டால் கதவைத் திறந்துகொண்டு கட்டையோடு பாயாதீர்கள். விளக்கைப் போடுங்கள். சத்தம் போடுங்கள். 112-க்கோ 100-க்கோ போன் செய்யுங்கள். ஜி.பி.எஸ்.சில் கார் இருக்கும் இடம் தெரிந்தாலும் தனியாகப் போகாதீர்கள். போலீசாரிடம் சொல்லுங்கள்.

கார் போன பிறகு

காணாமல் போன காரை விட, அதற்குப் பிறகு வருகிற அலைச்சல்தான் பலரை உருக்குகிறது. கார் இல்லை என்பதற்காக வங்கி தவணையை நிறுத்தாது. மாதம் பிறந்தால் பணம் கட்டியே ஆக வேண்டும்.

இன்சூரன்ஸ் பணம் வருமே என்பார்கள். எந்த இன்சூரன்ஸ் என்று முதலில் பாருங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் கிடைப்பது, பாலிசியில் எழுதியிருக்கும் மதிப்பைப் பொறுத்துத்தான். வாங்கிய விலை அல்ல.

உடனே போலீசில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதம் இல்லாமல் தகவல் சொல்ல வேண்டும். கடைசியில், கார் கிடைக்கவில்லை என்று போலீஸ் தருகிற சான்றும் வேண்டும்.

இன்னொன்றும் கேட்பார்கள். அசல் சாவிகள் இரண்டும் எங்கே? ஒன்றைக் காணவில்லை என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். "நீங்களே காருக்குள் விட்டுவிட்டீர்களா?" என்பார்கள். ஆகவே உபரிச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது திருடனுக்காக மட்டும் அல்ல, இன்சூரன்சுக்காகவும்தான்.

சட்டம் வருகிறது, பூட்டு இருக்கிறது

வெளிநாடுகளில் இப்போது இந்தப் பெட்டிகள் மீதே கை வைக்கிறார்கள். கார் திருடுவதற்கான எலெக்ட்ரானிக் கருவியை வைத்திருப்பதையே கனடா 2024-ல் தனிக் குற்றமாக்கியது. தண்டனை 10 வருஷம் வரை. இங்கிலாந்து அரசாங்கமும் 2025 பிப்ரவரியில் இதற்கு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் சொல்லப்பட்ட தண்டனை 5 வருஷம் வரை. அதுவரை, திருடப் போகிறான் என்று போலீசார் நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும் என்ற நிலை இருந்தது.

சட்டம் திருடன் அகப்பட்ட பிறகு வேலை செய்யும். தகர டப்பாவும் இரும்புப் பூட்டும் அவன் வருவதற்கு முன்பே வேலை செய்யும்.

ராத்திரி படுக்கப் போகும் முன் வீட்டில் ஒருவர் எழுந்து போய், காஸ் அணைத்தாயிற்றா, தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு வருவது வழக்கம். இனிமேல் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும்.

சாவி டப்பா மூடியிருக்கிறதா? ஸ்டியரிங் பூட்டு மாட்டியிருக்கிறதா?

இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிஷம்தான் ஆகும். திருடனுக்கு வேண்டியதோ ஒரு நிமிஷம்!